பெரிய காயில் வாங்கச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் பெண்டிகோவிலிருந்து எழுதுகிறேன். மெட்டல் டிடெக்டர் கையில் இருந்தால் யாரும் தங்கம் எடுத்துவிடலாம் என்கிற தோரணையில் உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இ-பேப்பரில் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு யோசனை: பணம் இருந்தால் விலை கூடிய மெஷினையும், அதன் கம்பு நுனியில் மாட்டுகிற காயில் என்ற தட்டில் கிடைப்பதிலேயே மிகப் பெரியதையும் வாங்கிவிட வேண்டுமாம், அப்போதுதான் ஆழத்துத் தங்கம் அகப்படுமாம். அன்று சாயங்காலமே கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்துவிட்டான். மெல்போர்னில் படிக்கும் தன் மகளைப் பார்க்கச் சித்திரையில் வருகிறானாம். "சித்தி, பதினெட்டு இன்ச் காயிலோட ஒரு மெஷின் பார்த்து வைங்க" என்கிறான். அவனுக்குச் சொன்னதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். இடம் போதவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், காயில் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் கோலார் தங்கவயல்காரி. அங்கே சாம்பியன் ரீஃபில் பிறந்தேன், அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். நர்சிங் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தேன், ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது குளிர்காலம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் டனோலி, டார்னகல்லா, வெடர்பர்ன் பக்கத்துக் காடுகளில் தங்கம் தேடி நடக்கிறோம். மெஷின் என் கையில், மண் தோண்டுகிற கொத்து அவர் கையில்.

தங்கவயலில் பிறந்தவளுக்குத் தங்கம் தேடச் சொல்லித்தர வேண்டுமா என்று இங்குள்ள தமிழர்கள் கேலி செய்வார்கள். அங்கே இருந்த தங்கம் வேறு, இங்கே தேடுகிற தங்கம் வேறு. கோலாரில் அது பெரும்பாலும் பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் பாறையை உடைத்து, மேலே கொண்டுவந்து மாவாக அரைத்து, சயனைடில் கரைத்துப் பிரித்தார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம்தான் தேறியது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அரைத்த கழிவைக் கொட்டிய அந்தச் சயனைடு மேட்டில் டிடெக்டர் வைத்துப் பார்க்கலாமா என்று ஊரிலிருந்து இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. பார்க்கலாம், பழைய ஆணியும் கம்பியும் கிடைக்கும். தங்கம் ஒரு கட்டியாகத் திரண்டிருந்தால்தான் காயிலுக்குக் கேட்கும். மாவாகப் பரவிக் கிடந்தால் மொத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் எந்த மெஷினும் வாய் திறக்காது. நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கமும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கி அங்கே வந்து பாறையைக் குடைந்தவர்கள் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் போனார்கள். கண்ணுக்குத் தெரியாத தங்கத்தைத் தேட டிடெக்டர் எதற்கு?

விக்டோரியாவின் நடுப்பகுதியில் மண்ணின் சுபாவமே வேறு. வெள்ளைக் குவார்ட்ஸ் பாறைகளிலிருந்து உதிர்ந்த கட்டிகள் மேல்மண்ணிலும் ஓடைப் பள்ளங்களிலும் முழுசாகக் கிடக்கின்றன. 1869 பிப்ரவரி 5-ஆம் தேதி மோலியாகுல் என்ற சிற்றூரில் ஜான் டீசனும் ரிச்சர்டு ஓட்ஸும் எடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் சுத்தத் தங்கம் மட்டுமே எழுபது கிலோவுக்கு மேல். டனோலியில் அதை முழுசாக நிறுக்கத் தராசு இல்லை, பட்டடையில் வைத்து உடைத்து நிறுத்தார்கள். அது கிடந்த ஆழம் எவ்வளவு தெரியுமா? மண்ணுக்குக் கீழே ஓர் இன்ச்சுக்குச் சற்றுக் கூடுதல், ஒரு மரத்தின் வேருக்குப் பக்கத்தில். 1980-ல் கிங்கோவரில் கெவின் ஹில்லியர் கேரெட் கம்பெனி டிடெக்டரால் கண்டெடுத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோ. நம் கணக்கில் சுமார் 3,400 பவுன். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிக் காட்சிக்கு வைத்தது. அதுவும் ஓர் அடி ஆழத்தில்தான் கிடந்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். 2023-ல் இதே வட்டாரத்தில் ஒருவர் 4.6 கிலோ கல் ஒன்றைத் தோண்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோனார். அதற்குள் 2.6 கிலோ தங்கம், மதிப்பு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலர். அவர் கையில் இருந்தது மைன்லேப் கம்பெனியின் ஈக்வினாக்ஸ் 800 என்ற, சுமார் 1,200 டாலர் மெஷின். உங்கள் கட்டுரையாளர் பத்தாயிரம் டாலர் மெஷினுக்கும் ஆழத்துக்கும் இத்தனை அவசரப்படுவது எதற்கு?

இவையெல்லாம் பத்திரிகையில் வருகிற அதிர்ஷ்டங்கள். எங்களுக்குக் கிடைப்பது அரிசி நொய், உளுந்து, எப்போதாவது ஒரு புளியங்கொட்டை அளவு. அநேகம் நாட்கள் ஆணியும் ஈயக்குண்டும் தவிர வேறொன்றும் இல்லை. இந்த உளுந்தளவுத் தங்கத்துக்கு எந்தக் காயில் காது கொடுக்கும் என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. கட்டுரையில் அது ஒரு வரி கூட இல்லை.

காயில் என்பது கம்பின் அடியில் இருக்கிற வட்டத்தட்டு. உள்ளே செம்புக்கம்பிச் சுருள். மெஷின் அதற்குள் மின்சாரம் விட்டால் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் பாயும். அது உலோகத்தின் மேல் பட்டதும் அதற்குள் சின்னதாக ஒரு மின்னோட்டம் சுழலும், அந்தச் சுழலுக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு. அது திரும்பி வந்து காயிலைத் தொட்டால் ஹெட்போனில் சத்தம். பெரிய காயில் தன் புலத்தை அகலப் பரத்தி ஆழத்துக்கு அனுப்புகிறது என்பது சரிதான். அப்படிப் பரத்துவதாலேயே ஒரு சின்னத் துணுக்கின் மேல் விழுகிற பங்கு மெலிந்துபோகிறது. கூடவே அதிக மண்ணையும் சேர்த்துப் பார்க்கிறது, அந்த மண்ணின் இரும்பு எல்லாம் இரைச்சலாக வந்து சேர்கிறது. சின்னக் காயிலின் புலம் அடியிலேயே குவிந்திருக்கும். அதனால் அரை கிராம் கட்டி மேல்மண்ணில் கிடந்தால் எட்டு இன்ச், பதினொரு இன்ச் காயில் தெளிவாகக் குரல் கொடுக்கும், பதினெட்டு இன்ச் காயில் அதே இடத்தை மௌனமாகக் கடந்துபோகும். அந்தக் காயிலுக்கு வேலை உண்டு. ஒரு இடத்தில் கைப்பிடியளவு கட்டிகள் ஆழத்தில் வந்திருக்கின்றன என்று பழைய பதிவுகளில் இருந்து, மேலே இருந்ததை எல்லோரும் வழித்து எடுத்துவிட்டார்கள் என்றும் தெரிந்தால், அங்கே கொண்டுபோகலாம். முதல் மெஷினோடு வாங்குகிற காயில் அது இல்லை.

ஆழம் விஷயத்தில் இயற்பியல் கொஞ்சம் ஈவிரக்கம் இல்லாதது. காயிலிலிருந்து தள்ளிப்போகப் போகக் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் மடியில் தேய்கிறது. திரும்பி வருவதும் அதே வீதத்தில் தேயும். இரண்டையும் சேர்த்தால், தூரம் இரட்டிப்பானால் காதுக்கு வருவது கிட்டத்தட்ட அறுபத்து நாலில் ஒரு பங்கு. காயிலின் அகலத்தைவிடக் கட்டி வெகு ஆழத்தில் இருக்கும்போது இந்தக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். விலையை இரட்டிப்பாக்கி ஆழத்தை இரட்டிப்பாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நல்ல மெஷின் மற்றொரு நல்ல மெஷினைவிட இரண்டு விரற்கடை ஆழம் கூடக் கேட்டாலே பெரிய விஷயம். காயிலை மண்ணிலிருந்து நாலு விரற்கடை தூக்கி வீசி நடக்கிற பழக்கம் இருந்தால் அந்த லாபமும் போய்விடும். முதல் நாள் வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். கையை வீசும்போது இரண்டு ஓரத்திலும் காயில் மேலே எழும்பிவிடுகிறது. மண்ணை உரசாத குறையாக, மெதுவாக, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி ஏறும்படி போக வேண்டும்.

அப்புறம் காயிலின் உள்ளமைப்பு. கடைக்காரர் ‘மோனோ’ என்பார், ‘டபுள் டி’ என்பார். மோனோவில் ஒரே சுருள்தான் அனுப்பவும் செய்யும், கேட்கவும் செய்யும். ஆழமும் சின்னத் தங்கத்துக்கான கூர்மையும் இதில் கூடுதல், ஓரப் பகுதி இன்னும் கூர்மை. இரும்பு மண்டிய செம்மண்ணில் இரைச்சலும் கூடுதல். டபுள் டியில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் இரண்டு சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். அமைதியான காயில். ஆழத்தில் சற்று இழப்பு உண்டு, ஆனால் முரட்டு மண்ணிலும், உப்பு படிந்த ஏரிக்கரையிலும், மின்கம்பிகளுக்குப் பக்கத்திலும் இதுதான் கை கொடுக்கும். எங்கள் பக்கத்துக் காட்டில் நான் பெரும்பாலும் மோனோ போடுகிறேன், மின்கம்பி வரிசை போகிற சரிவுகளில் மட்டும் டபுள் டிக்கு மாறுகிறேன். இன்னும் ஒரு பழைய வகை உண்டு, ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். அது இரும்பு குறைந்த மண்ணுக்குச் சரி, இங்கே அதிகம் பார்க்க முடியாது.

வட்டமா நீள்வட்டமா? புல்லும் கட்டையும் கல்லுமாகக் கிடக்கிற இடத்தில் நீள்வட்டம்தான். 14-க்கு 9 இன்ச் நீள்வட்ட மோனோ ஒன்று என்னிடம் இருக்கிறது. அகலமும் கொஞ்சம் கிடைக்கும், மூக்கை இரண்டு கல்லுக்கு நடுவே நுழைக்கவும் முடியும். ஒரே ஒரு காயிலோடு காட்டுக்குப் போ என்றால் இதைத்தான் எடுத்துப்போவேன். பழைய சுரங்கக்காரர்கள் வழித்துப் போட்ட மேடுகளின் ஓரம், பாறை மேலே தெரிகிற சரிவு, இந்த மாதிரி இடங்களில் சிறிய எட்டு இன்ச் வட்டக் காயில். அகன்ற வெட்டவெளியில், ஆள் நடமாட்டம் இல்லாத புது இடத்தில், மோப்பம் பிடிக்க மட்டும் பெரியது.

நர்சாக இருந்தவள் என்பதால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எந்த விளம்பரமும் தோளைப் பற்றிப் பேசுவதில்லை. மைன்லேப் ஜிபிஇசட் 7000 சுமார் 3.3 கிலோ, ஜிபிஎக்ஸ் 6000 சுமார் 2.1 கிலோ, கோல்டு மான்ஸ்டர் 1.3 கிலோவுக்குப் பக்கம். காகிதத்தில் இது சின்ன வித்தியாசம். ஆனால் எடை இருக்கிற இடம் கம்பின் நுனி. நுனியில் இருநூறு கிராம் கூடினாலும் நாள் முழுக்க வீசுகிற தோள் அதைப் பல மடங்காக உணரும். தோள்பட்டைத் தசைநார் கிழிந்து வந்தவர்களை வார்டில் நிறையப் பார்த்தவள் நான். அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் பதினெட்டு இன்ச் காயில் கட்டிக் கொடுத்தால், மதியச் சாப்பாட்டுக்குள் அவர் காயிலைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க ஆரம்பிப்பார், அல்லது வேகமாக வீசி முடிக்கப் பார்ப்பார். ஆழத்துக்காக வாங்கிய காயிலின் ஆழம் அங்கேயே காலி. கடையில் மெஷினைக் கையில் வாங்கிக் கால் மணி நேரம் வீசிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை. தோளில் மாட்டும் வாரும், மெஷினைத் தூக்கிப் பிடிக்கும் ரப்பர் கயிறும் கூடவே வாங்குங்கள். இதற்குச் செலவழிக்கிற பணம் வீண் போகாது.

சரி, மெஷின். பெரிய பிரிவு இரண்டுதான். விஎல்எஃப் என்பது இடைவிடாமல் அலையை அனுப்பி, திரும்பி வருவதில் இருக்கிற பிசகை வைத்து உலோகத்தை அடையாளம் காண்கிற வகை. விலை குறைவு, எடை குறைவு, இரும்பா இரும்பில்லையா என்று ஓரளவு சொல்லிவிடும். தங்கத்துக்கு வாங்குகிறவர் இதில் அலைவரிசையைக் கேட்க வேண்டும். நாணயம் தேடுகிற சாதாரண மெஷின்கள் ஏழெட்டு கிலோஹெர்ட்ஸில் ஓடும், நொய் அளவுத் தங்கம் அதற்குத் தெரியவே தெரியாது. கோல்டு மான்ஸ்டர் 1000 மெஷின் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்டு பக் 2 மெஷின் 71 கிலோஹெர்ட்ஸ். குண்டூசித் தலை அளவுத் தங்கத்தையும் இவை கேட்கும். ஆனால் அந்த உயர்ந்த அலைவரிசை இரும்பு மண்ணில் ஆழமாகப் போகாது. இரண்டாவது பல்ஸ் இண்டக்‌ஷன். மண்ணுக்குள் ஒரு அடி அடித்துவிட்டு, உடனே நிறுத்தி, அடங்கிப் போகிற எதிரொலியைக் கேட்கிறது. மண்ணின் எதிரொலி எப்படி அடங்கும் என்பது தெரிந்ததுதான், அதைக் கழித்துவிட்டால் மிச்சம் உலோகம். அடிலெய்டில் 1985-ல் தொடங்கிய மைன்லேப் கம்பெனியின் ப்ரூஸ் கேண்டி இந்த முறையைத் தங்கத்துக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்த பிறகுதான், மற்ற மெஷின்கள் தோற்றுப்போன ஆஸ்திரேலியச் செம்மண்ணில் மறுபடி தங்கம் வர ஆரம்பித்தது. இதன் குறை, ஆணி எது தங்கம் எது என்று சரியாகச் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். அதனால்தான் கொத்தின் தலையில் ஒரு பெரிய காந்தம் ஒட்டி வைத்திருப்போம். மண்ணை அதன் பக்கம் இழுத்தால் ஆணி தானே வந்து ஒட்டிக்கொள்ளும், குனிந்து தேட வேண்டியதில்லை.

இந்த இரண்டில் எது என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. முதலில் எங்கே நடக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். மாநில அரசின் ஜியோவிக் வரைபடம் இணையத்தில் இலவசம், எந்த ஓடையில், எந்த மேட்டில் பழைய தோண்டல்கள் இருந்தன என்று அதில் இருக்கிறது. அந்த மண் என்ன நிறம், இரும்புக்கல் எவ்வளவு, தங்கம் எந்த அளவில் வந்தது, மூன்றையும் பாருங்கள். அதற்குத் தகுந்த காயில், அந்தக் காயிலை ஏற்கிற மெஷின் என்று இந்த வரிசையில் வாருங்கள். உங்கள் கட்டுரை நேர்மாறாகப் போகிறது. 2023-ல் அந்த ஈக்வினாக்ஸ்காரர் கையில் இருந்ததும் விஎல்எஃப் வகைதானே என்று கேட்பீர்கள். இரண்டரைக் கிலோ தங்கம் எந்த மெஷினுக்கும் கத்தும். இதே செம்மண்ணில் உளுந்தளவுக் கட்டி ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால் அந்த வகைக்குக் கேட்காது, பல்ஸ் மெஷினுக்கும் நல்ல நாளில்தான் கேட்கும்.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான். பத்து நாள் விடுமுறைக்கு வருகிறவன் எதையும் வாங்க வேண்டாம். தங்க வட்டார ஊர்களில் டிடெக்டரை நாள் வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு, பதினொரு இன்ச் காயிலோடு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். இங்கேயே குடியிருந்து வார இறுதியில் போகிறவர் என்றால் பழைய பல்ஸ் மெஷினான ஜிபிஎக்ஸ் 4500 அல்லது 5000 ஒன்றைச் செகண்ட்ஹேண்டாக வாங்குங்கள். பேட்டரியை முதுகில் சுமக்க வேண்டும், ஒயர் தொந்தரவு உண்டு. ஆனால் அதற்குப் பொருந்துகிற காயில்கள் ஏராளம், மேரிபரோவில் செய்கிற காயில்டெக், நக்கெட் ஃபைண்டர் என்று எத்தனையோ அளவுகளில் செகண்ட்ஹேண்டாகவே கிடைக்கும். காசு தாராளமாக இருந்து, தோளும் முக்கியம் என்றால் ஜிபிஎக்ஸ் 6000. அதற்குப் பழைய காயில்கள் பொருந்தாது என்பதைக் கணக்கில் வையுங்கள். வீட்டில் சும்மா கிடக்கிற 5000 காயிலை 6000-ல் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்குகிறவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

செகண்ட்ஹேண்ட் காயிலை வாங்கும்போது அதை மெஷினில் மாட்டி, பக்கவாட்டில் விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும்போதெல்லாம் கத்தினால் உள்ளே சுருள் தளர்ந்திருக்கிறது, அதைக் காட்டில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. ஒயரை ஆட்டிப் பாருங்கள். அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே சேர்ந்த இரும்புப் பொடியைத் துடையுங்கள், பாதி பொய்ச்சத்தம் அதிலேயே அடங்கிவிடும். துபாயிலிருந்து யாராவது மலிவாகக் கொண்டுவருகிறார்கள் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். சூடான் முதலான நாடுகளில் தங்க வேட்டை சூடுபிடித்தபோது போலி மைன்லேப் மெஷின்கள் சந்தையில் பெருகி, கம்பெனியே எச்சரிக்கை விடும்படி ஆனது. வெளிப்பெட்டி அசல் போலவே இருக்கும்.

சட்டத்தைப் பற்றி உங்கள் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விக்டோரியாவில் ‘மைனர்ஸ் ரைட்’ என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். பத்து வருஷம் செல்லும், நான் எடுத்தபோது முப்பது டாலர் கூட ஆகவில்லை. இதற்குப் பின்னால் ரத்தம் சிந்திய ஒரு கதை இருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் தோண்டுகிறவர்கள் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. பல்லாரட்டில் அவர்கள் கிளர்ந்தெழ, 1854 டிசம்பர் 3-ஆம் தேதி அங்கே யுரேக்கா என்ற இடத்தில் அரசுப் படை வந்து சுட்டது. அடுத்த வருஷமே அந்த லைசென்ஸ் போய், ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று இந்தச் சீட்டு வந்தது. இந்தச் சீட்டு இருந்தால் கிடைக்கிற தங்கம் நமக்கே. ஆனால் பெரும்பாலான தேசியப் பூங்காக்களில் தேடக் கூடாது, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும், கையால் பிடிக்கிற கருவி தவிர மற்றது கூடாது, தோண்டிய குழியை மூட வேண்டும். இது ஜா ஜா வுருங் என்ற பூர்வகுடி மக்களின் நிலம், அவர்களுடைய பழைய கற்கருவிகள் கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போக வேண்டும். பழைய சுரங்கக் குழிகள் திறந்தபடி கிடக்கும், புல் மூடியிருக்கும். கோடையில் பழுப்புப் பாம்பு உண்டு, நான் கணுக்கால் கவசம் இல்லாமல் காரை விட்டு இறங்குவதில்லை.

இந்தியாவில் இப்படியொரு சீட்டு கிடையாது. தங்கம் தோண்டுவது சுரங்கச் சட்டத்துக்குள் வரும். புதையல் என்றால் 1878-ஆம் வருஷத்துச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணுக்குள் புதைத்து வைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட கோயில், கோட்டைப் பக்கம் மெஷினோடு போய்த் தோண்டினால் வழக்குதான். இதைச் சொல்லாமல் ‘நீங்களும் எடுக்கலாம்’ என்று எழுதினால் ஆர்வக்கோளாறில் யாராவது மாட்டிக்கொள்வார்கள்.

கடைசியாக, எனக்குக் கோபம் வந்த விஷயம். அதே இணைப்பின் பின்பக்கத்தில் ஒரு விளம்பரம். நூறு அடி ஆழத்தில் இருக்கிற தங்கத்தையும், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற புதையலையும் காட்டும் ‘ஸ்கேனர்’, முன்பதிவுக்கு வாட்ஸ்அப் எண். படத்தில் கைப்பிடியிலிருந்து நீளும் ஆன்டெனா ஒன்று, தங்கம் இருக்கிற பக்கம் தானாகத் திரும்புமாம். ஆசிரியர் அவர்களே, மேலே நான் எழுதிய அறுபத்து நாலில் ஒரு பங்குக் கணக்கை நூறு அடிக்குப் போட்டுப் பாருங்கள். தங்கம் தானாக எந்த அலையையும் வெளியே விடுவதில்லை, தூரத்திலிருந்து பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. இதே ஆன்டெனா சமாச்சாரத்தை வெடிகுண்டு கண்டுபிடிக்கிற கருவி என்று ‘ஏடிஇ 651’ என்ற பெயரில் ஈராக்குக்கு விற்றார்கள். கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து கிளம்பிய சரக்கு அது. சோதனைச் சாவடிகளில் அதை நம்பி நின்றவர்கள் இருந்தார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் பிரிட்டனில் பத்து வருஷம் சிறை கிடைத்தது. தங்கவயலில் என் சொந்தக்காரர் ஒருவர் ஓய்வூதியப் பணத்தில் இப்படியொரு கம்பியை வாங்கி, கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். விற்றவர் எண் இப்போது எடுப்பதில்லை.

கட்டுரையில் இருந்த காயில் யோசனைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், நாலு வரி போதும். அந்த ஸ்கேனர் விளம்பரத்தை மறுபடி வாங்காதீர்கள். பணம் கட்டியவர்கள் யாராவது உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருந்தால், அந்தக் கடிதங்களையும் இதே பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெண்டிகோ, விக்டோரியா